டாட்ஜர்ஸ் ஆட்டம் எந்தச் சேனலில்? டிவி, ஸ்ட்ரீமிங் தேர்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஏப்ரலில் ஓர் இரவு நண்பர் ஒருவர் போன் செய்தார். டெக்சாஸிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் டோரன்ஸுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் பாதிப் பையன்கள் லாஸ் ஏஞ்சலிஸ் பேஸ்பால் அணியான டாட்ஜர்ஸின் நட்சத்திரம் ஓடானி பெயர் போட்ட நீலச் சட்டையோடு திரிந்ததில் இவனுக்கும் டாட்ஜர்ஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. அப்பா யோசிக்காமல் ஆட்டங்களை ஸ்ட்ரீமிங்கில் பார்க்க ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டார்.

"அண்ணே, நியூயார்க் மேட்ச் ஓடுது, சிகாகோ மேட்ச் ஓடுது. டாட்ஜர்ஸைத் தொட்டா மட்டும் உங்க ஏரியாவுல கிடையாதுன்னு வருது. ஸ்டேடியம் இங்கேருந்து இருபது மைல்தானே!"

அந்த இருபது மைல்தான் சிக்கலே என்று அவருக்கு விளங்கவைக்க அரைமணி நேரம் ஆனது. அன்று போனில் சொன்னதை, அதற்குப் பிறகு மாறியவற்றையும் சேர்த்து, இங்கே எழுதிவைக்கிறேன். டாட்ஜர்ஸை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும் மற்ற அணிகளுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான். நான் சொல்லும் விலைகள் 2025-இல் இருந்தவை. கார்டைத் தட்டும் முன் இன்றைய விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே அணி, மூன்று கடை

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. அங்கே கிரிக்கெட் வாரியம் மொத்த உரிமையையும் விற்கிறது. நீங்கள் சென்னை ரசிகரோ மும்பை ரசிகரோ, ஒரே ஆப்பைத் திறந்தால் போதும். மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படி இல்லை. 30 அணிகள், ஆளுக்கு 162 ஆட்டங்கள். அதில் பெரும்பாலானவற்றை அந்தந்த அணி தன் ஊர்ச் சேனலுக்குத் தனியாக விற்றுவிடும். இது முதல் கடை. ஒரு பங்கை லீக் பிரித்தெடுத்து ஃபாக்ஸ், என்பிசி, ஆப்பிள் போன்ற நாடு தழுவிய நிறுவனங்களுக்கு விற்கும். இது இரண்டாவது. வெளியூரில் இருக்கும் ரசிகர்களுக்கென்று எம்எல்பி.டிவி என்றொரு சந்தா இருக்கிறது. இது மூன்றாவது.

நண்பர் மூன்றாவது கடையில் காசைக் கட்டிவிட்டு முதல் கடைச் சரக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

படி 1: ஜிப் கோடைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

ஒவ்வொரு அணிக்கும் சொந்த எல்லை என்று ஒரு நிலப்பரப்பை லீக் வரைந்து வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் இருப்பவருக்கு அந்த அணியின் நேரடி ஆட்டத்தை எம்எல்பி.டிவி காட்டாது. இதைத்தான் பிளாக்அவுட் என்கிறார்கள். உள்ளூர்ச் சேனல் பெரும் பணம் கொடுத்து உரிமை வாங்கியிருக்கிறது, அதே ஆட்டம் பக்கத்துக் கடையில் கிடைத்தால் அவர்களிடம் யார் வாங்குவார்கள் என்பதுதான் காரணம்.

இந்த எல்லை நாம் நினைப்பதுபோல மைல் கணக்கில் ஓடுவதில்லை. டாட்ஜர்ஸின் எல்லை தெற்குக் கலிஃபோர்னியாவைத் தாண்டி லாஸ் வேகஸையும் கடல் தாண்டி ஹவாயையும் சேர்த்துக்கொள்கிறது. லாஸ் வேகஸ்காரர் பாடு இன்னும் மோசம். டாட்ஜர்ஸ், ஏஞ்சல்ஸ், பாட்ரேஸ், ஜயன்ட்ஸ், அத்லெடிக்ஸ், டைமண்ட்பேக்ஸ் என்று ஆறு அணிகளின் எல்லை அந்த ஒரே ஊரில் வந்து விழுகிறது. அயோவா மாநிலத்துக்கும் ஆறு அணிகள் உரிமை கொண்டாடுகின்றன. அந்த மாநிலத்தில் மேஜர் லீக் அணி ஒன்றுகூடக் கிடையாது!

லீகின் இணையதளத்தில் ஜிப் கோடை, அதாவது உங்கள் ஊர் அஞ்சல் எண்ணைத் தட்டினால் எந்தெந்த அணி உங்களுக்கு மறைக்கப்படும் என்று காட்டிவிடும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். உங்கள் அணி அந்தப் பட்டியலில் வந்தால் நீங்கள் உள்ளூர்க்காரர், மூன்றாம் படிக்குப் போங்கள். வராவிட்டால் வெளியூர்க்காரர், நான்காம் படி உங்களுக்கு.

இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு ஏமாற்றலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அது சந்தா விதிகளுக்குப் புறம்பானது. தவிர, போனில் ஜிபிஎஸ் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள் என்று ஆட்டம் உச்சத்தில் நிற்கும்போது படம் நின்றுபோவதற்கா காசு கொடுக்கிறோம்? நான் அந்தப் பக்கம் போவதில்லை.

படி 2: எத்தனை ஆட்டம் பார்ப்பீர்கள் என்று உண்மையாக எண்ணுங்கள்

162 ஆட்டம் என்பது மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை ஏறக்குறைய தினமும் ஓர் ஆட்டம். நல்லவேளையாக 2023-இல், பந்தெறிபவர் (பிட்சர்) குறித்த நொடிகளுக்குள் எறிந்தாக வேண்டும் என்று கடிகாரம் வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு 3 மணி 4 நிமிடமாக இருந்த சராசரி ஆட்ட நேரம் 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. அப்படியும் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் யாரால் உட்கார முடியும்?

எனக்குத் தெரிந்து மூன்று வகை ரசிகர்கள் இருக்கிறார்கள். தினமும் டிவியைப் போட்டுவிட்டு, சமையலும் வீட்டுப்பாடமுமாக நடுநடுவே எட்டிப்பார்ப்பவர்கள் ஒரு வகை. இவர்களுக்கு உள்ளூர்ச் சேனல் தேவை. வாரக் கடைசியில் மட்டும் பார்ப்பவர்களுக்கு ஆன்டெனாவும் ஓரிரு ஆப்பும் போதும். பிளேஆஃப் ஆட்டங்கள் நடக்கும் அக்டோபரில் மட்டும் விழித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செப்டம்பர் வரை பத்துக் காசு செலவழிக்க வேண்டாம். முதல் மாதம் நீங்கள் எந்த வகை என்று உங்களுக்கே தெரியாது. அதனால் முதல் வருடம் எதையும் வருடக் கணக்கில் வாங்காமல் இருப்பது நல்லது.

படி 3: உள்ளூர்க்காரர் வாங்க வேண்டியது

டாட்ஜர்ஸின் ஊர்ச் சேனல் ஸ்பெக்ட்ரம் ஸ்போர்ட்ஸ்நெட் எல்ஏ. இதற்கு ஒரு கசப்பான கதை உண்டு. டைம் வார்னர் கேபிள் நிறுவனத்தோடு 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு 2014-இல் சேனலைத் தொடங்கினார்கள். கொடுத்த பணத்தை எடுக்க வேண்டுமே? மற்ற கேபிள், சாட்டிலைட் நிறுவனங்களிடம் பெரிய விலை கேட்டார்கள், அவர்கள் முடியாது என்றார்கள். விளைவு, லாஸ் ஏஞ்சலிஸின் பெரும்பாலான வீடுகளில் ஆறு ஆண்டுகள் சொந்த ஊர் அணியின் ஆட்டமே தெரியவில்லை. 2020 ஏப்ரலில்தான் சாட்டிலைட் நிறுவனமான டைரக்டிவியில் வந்தது. இடையில் 2016-இல் வர்ணனையாளர் வின் ஸ்கல்லி ஓய்வு பெற்றார். அணி புரூக்ளினில் இருந்த காலம் தொட்டு 67 சீசன்கள் டாட்ஜர்ஸின் குரலாக இருந்தவர். அவருடைய கடைசி சீசனை அவர் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் டிவியில் பார்க்க முடியவில்லை. கடைசி சில ஆட்டங்களை மட்டும் இலவசச் சேனலான கேடிஎல்ஏவிலும் காட்டினார்கள். இந்த ஊர்ப் பழைய ரசிகர்களிடம் கேபிள் என்று சொன்னாலே முகம் சுளிப்பது இதனால்தான்.

இன்று நிலைமை பரவாயில்லை. மூன்று வழிகள் இருக்கின்றன: ஸ்பெக்ட்ரம் கேபிள், டைரக்டிவி, அப்புறம் 2025-இல் வந்த எஸ்என்எல்ஏ பிளஸ். மூன்றாவதுக்குக் கேபிளே வேண்டாம், சேனலை மட்டும் நேரடியாக ஸ்ட்ரீமிங்கில் வாங்கிக்கொள்ளலாம். 2025-இல் மாதம் 29.99 டாலர், வருடத்துக்கு 199.99.

வருடச் சந்தாதான் லாபம் என்று எல்லோருக்கும் தோன்றும். காலண்டரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டாட்ஜர்ஸுக்கு 2026 சீசன் மார்ச் 26-இல் தொடங்கி செப்டம்பர் 27-இல் முடிகிறது. மார்ச் 26 அன்று மாதச் சந்தா எடுத்தால் ஆறு மாதத்தில் செப்டம்பர் 25 வரை வந்துவிடும். ஆறு முறை 29.99 என்றால் 179.94 டாலர். வருடச் சந்தாவைவிட 20 டாலர் குறைவு, விடுபடுவது கடைசி இரண்டு நாள் ஆட்டம் மட்டுமே. பிளேஆஃப் ஆட்டங்களுக்காகச் சந்தாவை நீட்டிக்கலாமா என்றால், வேண்டவே வேண்டாம். அக்டோபர் ஆட்டம் ஒன்றுகூட ஊர்ச் சேனலில் வராது, அத்தனையும் நாடு தழுவிய நிறுவனங்களுக்குப் போய்விடும். செப்டம்பர் 20 என்று போனில் ஒரு அலாரம் வைத்து, அன்றே ரத்து செய்துவிடுங்கள். மறந்தால் ஏழாவது மாதத்தில் இந்த லாபம் போய், வருடச் சந்தாவைவிட 10 டாலர் கூடக் கொடுத்திருப்பீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே இந்தச் சேனலோடு கேபிள் இருந்தால் எஸ்என்எல்ஏ பிளஸைத் தனியாக வாங்காதீர்கள். கேபிள் லாகினை வைத்தே சேனலின் ஆப்பில் பார்க்கலாம். கேபிளைப் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: விளம்பரத்தில் இருக்கும் எண்ணும் பில்லில் வரும் எண்ணும் ஒன்றல்ல. ஒரு கேபிள் நிறுவனத்தில் நான் சேர்ந்தபோது முதல் பில்லில் பெட்டி வாடகை, உள்ளூர்ச் சேனல் கட்டணம், விளையாட்டுச் சேனல் கட்டணம் என்று மூன்று வரிகள் முளைத்திருந்தன. போன் செய்து கேட்டால், அதெல்லாம் சலுகை விலையில் சேராது சார் என்றார்கள். சேரும் முன்பே, வரி, வாடகை, விளையாட்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் மொத்தம் எவ்வளவு என்று கேட்டு அதை எழுத்தில் வாங்குங்கள். ஆன்லைன் சாட் மூலம் கேட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. யூடியூப் டிவி மாதிரியான ஸ்ட்ரீமிங் டிவிக்களில் நூறு சேனல் இருக்கிறதே, இது இல்லாமலா போகும் என்று வாங்கிவிடுகிறார்கள். கடைசியாக நான் பார்த்தபோது யூடியூப் டிவியில் ஸ்போர்ட்ஸ்நெட் எல்ஏ கிடையாது. ஜிப் கோடு கொடுத்தால் சேனல் பட்டியல் வரும், சேனல் பெயரை எழுத்துக்கு எழுத்து தேடிப் பாருங்கள். ஸ்பெக்ட்ரம் ஸ்போர்ட்ஸ்நெட் என்று எல்ஏ இல்லாமல் இன்னொரு சேனல் உண்டு. அது லேக்கர்ஸ் கூடைப்பந்துக்கு உரியது.

படி 4: வெளியூர்க்காரருக்கு வேலை சுலபம்

நியூ ஜெர்சியிலோ டல்லஸிலோ அட்லாண்டாவிலோ உட்கார்ந்துகொண்டு டாட்ஜர்ஸைப் பின்தொடர்வது லாஸ் ஏஞ்சலிஸில் இருந்து பின்தொடர்வதைவிட எளிது, பெரும்பாலும் மலிவும்கூட. 2025-இல் எம்எல்பி.டிவி முழுச் சந்தா வருடம் 149.99 டாலர், ஒரே அணியை மட்டும் எடுத்தால் 129.99. இருபது டாலர் வித்தியாசம்தான் என்பதால் பலர் முழுசாக எடுத்துவிடுகிறார்கள். ஓர் அணியை மட்டும் பார்ப்பவருக்கு அது வீண். மற்ற 29 அணிகளைப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது?

2026 முதல் இந்தச் சந்தாவை இஎஸ்பிஎன் விற்கிறது. டி-மொபைல் போன் வைத்திருப்பவர்கள் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2016-இலிருந்து அந்த நிறுவனம் சீசன் தொடக்கத்தில் தன் வாடிக்கையாளர்களுக்கு எம்எல்பி.டிவியை இலவசமாகக் கொடுத்துவருகிறது. அந்த வாய்ப்பு மார்ச் கடைசியில் சில நாள்களே திறந்திருக்கும், அதற்குள் ஆப்பில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் யாரிடமாவது அந்த சிம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வெளியூர்க்காரருக்கும் ஒரு பொறி உண்டு. உங்கள் அணி உங்கள் ஊர் அணியோடு ஆடும்போது அந்த ஆட்டமும் மறைக்கப்படும். அட்லாண்டாவில் இருப்பவருக்கு டாட்ஜர்ஸ் - பிரேவ்ஸ் ஆட்டம் எம்எல்பி.டிவியில் வராது, எந்த ஊரில் ஆடினாலும் சரி. மறைக்கப்பட்ட ஆட்டங்கள் முடிந்து சுமார் 90 நிமிடம் கழித்து முழுசாகப் பார்க்கக் கிடைக்கும். காலையில் எழுந்து ஸ்கோர் தெரியாமல் பார்க்கும் பழக்கம் இருப்பவருக்கு இது போதும். லீகின் ஆப்பில் ஸ்கோரை மறைக்கும் வசதி இருக்கிறது, அதை முதலில் போட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு அமெரிக்க எல்லைத் தகராறு கிடையாது. பிரச்சினை கடிகாரம் மட்டும்தான். லாஸ் ஏஞ்சலிஸில் இரவு 7:10 ஆட்டம் என்றால் சென்னையில் மறுநாள் காலை 7:40, காபி நேரம். அணி நியூயார்க் பக்கம் போய்விட்டால் அதே 7:10 ஆட்டம் விடிகாலை 4:40க்கு வரும். மார்கழியில் கோலம் போட எழும் வீடுகளுக்குச் சரிப்படும், ஆனால் மார்கழியில் பேஸ்பால் கிடையாது.

படி 5: லீக் தனியாக விற்ற ஆட்டங்கள்

உள்ளூர்ச் சேனலும் வாங்கியாகிவிட்டது, அப்படியும் சில இரவுகளில் ஆட்டம் வராது. அன்று அதை லீக் வேறு ஒருவருக்கு விற்றிருக்கும். டாட்ஜர்ஸ் மாதிரி கூட்டம் சேர்க்கும் அணி என்றால் இது அடிக்கடி நடக்கும். 2026 மார்ச் 26 அன்று டாட்ஜர்ஸின் முதல் ஆட்டத்தையே என்பிசிக்கு ஒதுக்கினார்கள்.

கிழமையை வைத்து நினைவில் வைத்துக்கொள்வது எளிது. வெள்ளி இரவு என்றால் ஆப்பிள் டிவி. 2022-இலிருந்து வாரம் இரண்டு ஆட்டம் அங்கே மட்டும்தான் வரும். சனிக்கிழமை ஃபாக்ஸ். ஞாயிறு இரவு ஆட்டம் 1990-இலிருந்து இஎஸ்பிஎன்னில் இருந்தது, 2026-இல் என்பிசிக்கும் அதன் ஸ்ட்ரீமிங் ஆப்பான பீகாக்குக்கும் கைமாறிவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் கேபிள் சேனலான டிபிஎஸ் காட்டும். அதோடு இஎஸ்பிஎன்னுக்கு சீசனில் 30 ஆட்டம், நெட்ஃபிளிக்ஸுக்குத் தொடக்க இரவு ஆட்டமும், யார் அதிகம் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடிக்கிறார் என்று பார்க்கும் ஹோம் ரன் டெர்பியும். 2026-இன் தொடக்க இரவு சான் ஃபிரான்சிஸ்கோவில் யாங்கீஸ் - ஜயன்ட்ஸ் ஆட்டம், அது நெட்ஃபிளிக்ஸில் மட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஏழு சந்தா வாங்கக் கிளம்பாதீர்கள். அணியின் இணையதளத்தில் மாத அட்டவணை இருக்கிறது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கத்தில் எந்தச் சேனல் என்று போட்டிருப்பார்கள். மாதத் தொடக்கத்தில் ஒருமுறை உட்கார்ந்து, ஊர்ச் சேனலில் இல்லாத ஆட்டங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆப்பிளில் அந்த மாதம் ஒரே ஓர் ஆட்டம் என்றால் அதற்காக 12.99 டாலர் கொடுக்க வேண்டுமா? அன்று ரேடியோ கேட்கலாம். மூன்று ஆட்டம் வந்தால் அந்த ஒரு மாதம் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடலாம். ஸ்ட்ரீமிங் சந்தாவைக் கல்யாணம் மாதிரி நினைக்கத் தேவையில்லை, சைக்கிள் வாடகைக்கு எடுப்பது மாதிரிதான்.

படி 6: இருபத்தைந்து டாலர் ஆன்டெனா

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள் என்பேன். ஃபாக்ஸ், என்பிசி இரண்டும் காற்றில் இலவசமாக வருகின்றன. இன்றைய தலைமுறைக்கு இது தெரியாது. ஆன்டெனா என்றால் ஊரில் மொட்டைமாடியில் காக்காய் உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கம்பிதான் நினைவுக்கு வருகிறது. இப்போது வருவது ஏ4 தாள் மாதிரி ஒரு தகடு, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடலாம்.

லாஸ் ஏஞ்சலிஸில் இதில் ஒரு சௌகரியம் உண்டு. ஏறக்குறைய எல்லா டிவி நிலையங்களின் கோபுரங்களும் ஒரே இடத்தில், 5,700 அடி உயர மவுன்ட் வில்சன் மலை உச்சியில் இருக்கின்றன. அந்தத் திசை தெரிந்தால் போதும். டோரன்ஸிலிருந்து அது வடகிழக்கு. நண்பர் வீட்டில் ஆன்டெனாவை முதலில் டிவிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள், பதினொன்றாம் சேனலான ஃபாக்ஸ் கட்டம் கட்டமாக உடைந்தது. வடக்குப் பார்த்த படுக்கையறை ஜன்னலில் ஒட்டி, வயரை ஹாலுக்கு இழுத்து, டிவி மெனுவில் மறுபடி ஆட்டோ ஸ்கேன் போட்டதும் ஃபாக்ஸ் 11, என்பிசி 4 இரண்டும் கண்ணாடி மாதிரி வந்தன. இடத்தை மாற்றும்போதெல்லாம் ஸ்கேன் மறுபடி போட வேண்டும், அதை மறந்துவிட்டு ஆன்டெனா சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. பாலோஸ் வெர்டெஸ் குன்றுக்குப் பின்னால் கடலைப் பார்த்துக் குடியிருப்பவர்களுக்கு மட்டும் மலை தெரியாது. அவர்கள் பாடு கஷ்டம்தான், வீட்டு விலைக்கு அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

படி 7: ரேடியோவை மறக்காதீர்கள்

ரேடியோவுக்கு பிளாக்அவுட் கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸில் ஏஎம் 570, ஸ்பானிஷ் வர்ணனைக்கு ஏஎம் 1020. கார் ரேடியோவில் சும்மா திருகினால் வரும். வேறு ஊரில் இருப்பவர்கள் லீகின் ஆடியோ சந்தாவை எடுக்கலாம், சீசன் முழுக்க 30 டாலர் அளவில்தான். எம்எல்பி.டிவி எடுத்தவர்களுக்கு ஆடியோவும் அதிலேயே அடங்கிவிடும்.

சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் கிரிக்கெட் வர்ணனையை டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் குரலை வைத்தே மைதானத்தைப் பார்க்கும் வித்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேஸ்பால் அதற்கென்றே செய்த ஆட்டம். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் கதை சொல்ல இடம் இருக்கும். 1958-இல் டாட்ஜர்ஸ் இந்த ஊருக்கு வந்து முதல் நான்கு ஆண்டுகள் கொலிசியத்தில் ஆடினார்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் தூரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஆட்டம் சரியாகத் தெரியாது, அதனால் கையில் டிரான்சிஸ்டரோடு வந்து ஸ்கல்லி சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தார்கள். 1960-இல் ஒரு நாள் ஃபிராங்க் சீகரி என்ற நடுவருக்குப் பிறந்தநாள் என்று ஸ்கல்லி கண்டுபிடித்தார். மூன்று எண்ணுகிறேன், எல்லோரும் வாழ்த்துங்கள் என்று மைக்கில் சொன்னார். மைதானமே எழுந்து வாழ்த்து முழங்கியது. கீழே நின்ற நடுவர் திகைத்துப்போனார்.

படி 8: அக்டோபருக்குத் தனிக் கணக்கு

பிளேஆஃபில் 12 அணிகள். ஊர்ச் சேனலுக்கு வேலை முடிந்தது, எம்எல்பி.டிவியும் அமெரிக்காவுக்குள் உதவாது. 2026-இலிருந்து முதல் சுற்றான வைல்ட் கார்டு என்பிசி, பீகாக் வசம். அதற்கடுத்த சுற்றுகளை ஃபாக்ஸ் குழுமமும் டிபிஎஸ்ஸும் பங்குபோட்டுக்கொள்ளும். சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரீஸ் 2000-இலிருந்தே ஃபாக்ஸில்தான், அதாவது ஜன்னல் ஆன்டெனாவில் இலவசம்.

கவனிக்க வேண்டியது டிபிஎஸ். அது காற்றில் வராது. கேபிள் இல்லாதவர்கள் எச்பிஓ மேக்ஸில் பார்க்கலாம். டாட்ஜர்ஸ் ஆடும் பிரிவான நேஷனல் லீகின் இறுதிச் சுற்று ஒரு வருடம் டிபிஎஸ், மறுவருடம் ஃபாக்ஸ் என்று மாறிமாறி வருகிறது. 2024-இல் ஃபாக்ஸ், 2025-இல் டிபிஎஸ். 2025 அக்டோபர் 17 அன்று மில்வாக்கிக்கு எதிராக ஓடானி பந்தெறிந்து பத்துப் பேரை ஸ்டிரைக்அவுட் செய்துவிட்டு, மட்டை பிடித்து மூன்று ஹோம் ரன்னும் அடித்தார். அன்று ஆன்டெனாவை மட்டும் நம்பியிருந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. அந்த ஒரு மாதத்துக்காவது எச்பிஓ மேக்ஸ் எடுத்திருக்கலாமே என்று இன்றுவரை புலம்புகிறார்கள். 2026-இல் முறைப்படி ஃபாக்ஸ் பக்கம் வர வேண்டும்.

ரெக்கார்டு செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று. பேஸ்பாலில் டிரா கிடையாது, ஒன்பது இன்னிங்ஸில் ஸ்கோர் சமம் என்றால் முடிவு வரும்வரை ஆடுவார்கள். 2025 வேர்ல்ட் சீரீஸ் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது, 6 மணி 39 நிமிடம். கடைசியில் ஃபிரெடி ஃபிரீமன் ஹோம் ரன் அடித்து முடித்தார். நண்பர் நான்கு மணி நேரத்துக்கு ரெக்கார்டு போட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தார். மறுநாள் பார்த்தால் ஸ்கோர் சமமாக இருக்கும்போதே படம் தீர்ந்துவிட்டது. அக்டோபர் ஆட்டங்களை ரெக்கார்டு செய்யும்போது ஆட்டத்துக்குப் பின் மூன்று மணி நேரம் கூடுதலாகப் போட்டுவிடுங்கள்.

படி 9: வீட்டுக்குள் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள்

வைஃபை ரவுட்டர் டிவிக்குத் தொலைவில் இருந்தால் இரண்டையும் வயர் போட்டு இணைத்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு அபார்ட்மென்ட் முழுக்க ஸ்ட்ரீமிங் ஓடும்போது அதன் அருமை தெரியும்.

இதைவிட முக்கியம் தாமதம். ஸ்ட்ரீமிங் படம் நிஜ ஆட்டத்துக்கு அரை நிமிடமாவது பின்னால் ஓடும், சில நாள் இன்னும் அதிகம். அதற்குள் போனில் லீகின் ஆப் டிங் என்று ஸ்கோர் சொல்லிவிடும், வாட்ஸப் குழுவில் மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர் கைதட்டும் பொம்மை அனுப்பிவிடுவார். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அறிவிப்பையும் அணைத்துவிடுங்கள். ரேடியோவும் ஆன்டெனாவும் ஸ்ட்ரீமிங்கைவிட எப்போதும் முந்தி ஓடும்.

நண்பர் வீட்டில் இந்த சீசன் ஏற்பாடு இதுதான்: எஸ்என்எல்ஏ பிளஸ் மாதச் சந்தா, ஜன்னலில் ஆன்டெனா, தேவைப்படும் மாதம் மட்டும் ஆப்பிள். பள்ளி நாள்களில் ஒன்பது மணிக்கு மேல் பையனுக்கு டிவி கிடையாது என்பது அம்மாவின் சட்டம். அவன் தலையணைக்கடியில் பழைய ரேடியோவை வைத்து ஏஎம் 570 கேட்கிறான், அது அம்மாவுக்கும் தெரியும். போன வாரம் நான் அங்கே போயிருந்தேன். ஹாலில் நானும் நண்பரும் டிவி முன்னால். ஒன்பதாவது இன்னிங்ஸ், ஓடானி மட்டையோடு வந்து நிற்கிறார். படுக்கையறைக்குள்ளிருந்து, தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு ஒரு கூச்சல். நண்பர் என்னைப் பார்த்தார், நான் டிவியைப் பார்த்தேன். அங்கே பந்து இன்னும் பிட்சர் கையில்தான் இருந்தது.